கடல் நீர் கலந்த ஒயினும் நம்ம ஊர் ஜாடித் துண்டும்

யவனர் கொண்டு வந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் குடித்து இன்பமாக வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார் (புறநானூறு 56). சரி, யவனர் மது எப்படி இருந்திருக்கும்?

ஒரு வகையைப் பற்றி நன்றாகவே தெரியும். துருக்கிக் கரையை ஒட்டி கோஸ் என்று ஒரு கிரேக்கத் தீவு இருக்கிறது. மருத்துவர் ஹிப்போகிராட்டிஸ் பிறந்த ஊர். அங்கே ஒயினில் கடல் நீரைக் கலப்பார்கள்! ஓர் அடிமை ஒயினைத் திருடிவிட்டு, அளவு குறையாமல் இருக்கக் கடல் நீரை ஊற்றினான், அதிலிருந்துதான் இந்த வழக்கமே வந்தது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அந்தச் சரக்குக்கு நல்ல கிராக்கி. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் இருந்தபடி கோஸ் ஒயின் செய்ய கேட்டோ குறிப்பு எழுதியிருக்கிறார்: அறுவடைக்கு 70 நாள் முன்பு, காற்றில்லாத நாளில், ஆழ்கடலில் நீர் மொண்டு வைக்க வேண்டுமாம். கலப்படம் பிராண்ட் ஆகி, அந்தப் பிராண்டுக்கும் போலி வந்துவிட்டது. வணிகவியல் வகுப்பில் சொல்ல வேண்டிய கதை!

கோஸ் ஜாடியின் கைப்பிடி, இரண்டு குச்சிகளை ஒட்ட வைத்தது போல இருக்கும். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த ஜாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் வில், கோஸ் வகை நிறைய இருப்பதைக் காட்டினார். கூடவே ஆலிவ் எண்ணெய், 'கேரம்' என்ற மீன் சாறு வந்த ஜாடிகளும் இருந்தன. கருவாட்டுக்குக் குறைவில்லாத நம் கரைக்கு ரோமிலிருந்து மீன் சாறு எதற்கு? இங்கே தங்கியிருந்த யவனர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை வரவழைத்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்படியென்றால் ஒயின் எல்லாமே அரசனுக்கு வந்ததில்லை.

எங்கள் ராமநாதபுரம் பக்கம், வைகை கடலில் சேரும் இடத்தருகே இருக்கும் அழகன்குளம் பாண்டியர் துறைமுகம். 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகள், கப்பல் கீறிய பானை ஓடு, ஜாடித் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் இந்தியாவில் ரோமானிய ஜாடி என்று நினைத்த சில துண்டுகள் மெசபடோமியாவைச் சேர்ந்தவை என்று 2007இல் ராபர்ட்டா டாம்பர் எழுதினார். அதனால் ஜாடி என்றாலே ரோம் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தக் கரை முழுக்கப் பனைமரம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள் ஒரே நாளில் புளித்துவிடும், கப்பலேறாது. அதனால் அதற்கென்று தனி ஜாடியும் இல்லை, அயல்நாட்டில் ஓடும் இல்லை. சங்கப் பாட்டில் மட்டும் நிறைய இருக்கிறது. மண்ணில் கிடைப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், நம் முன்னோர் தினமும் குடித்ததை விட்டுவிட்டு, வந்தவர் குடித்ததைத்தான் நம் வரலாறு என்று எழுதிக்கொண்டிருப்போம்.