பெற்று இழந்த வாக்குரிமை: முகநூற் பாவனையாளர் வரலாற்றில் ஒரு காலகட்டம்

தொடர்புச் சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். அச்சுக்கலை பற்றிய நூல்களில் அச்சகத்தார் பெறும் இடத்தை வாசகர் பெறுவதில்லை. இணையவழிச் சமூக ஊடகங்கள் பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்காக அமையவில்லை. நிறுவியோரின் துணிவும் அவர்கள் ஈட்டிய செல்வமும் அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. நாள்தோறும் அவ்வூடகங்களைப் பயன்படுத்திய சாதாரண மனிதனோ வெறும் எண்ணிக்கையாகவே அங்கு தோன்றுகின்றான். ஆயினும் அவனுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவு எக்காலத்தும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. அவ்வுறவு மாறிவந்த முறையை அறிவதற்கு, இன்று பலராலும் மறக்கப்பட்டுவிட்ட ஒரு நிகழ்ச்சி பெரிதும் துணைபுரிகின்றது. 2009 ஆம் ஆண்டு முதல் 2012 ஆம் ஆண்டு வரை முகநூல் நிறுவனம் தன் பாவனையாளருக்கு வாக்குரிமை வழங்கியிருந்தது என்பதே அந்நிகழ்ச்சியாகும்.

அவ்வாக்குரிமை தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். தொலைபேசிச் சந்தாதாரர் கம்பனிக்குப் பணம் செலுத்தினார். கம்பனி சேவையை வழங்கியது. இருவருக்கும் இடையிலான உறவு விற்போர், வாங்குவோர் உறவாகத் தெளிவாக இருந்தது. 2004 பெப்ரவரியில் ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவருக்கெனத் தொடங்கப்பட்டு, 2006 செப்ரெம்பரில் பதின்மூன்று வயதைக் கடந்த அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட முகநூலில் இத்தெளிவு இருக்கவில்லை. பாவனையாளர் பணம் எதுவும் செலுத்தவில்லை. விளம்பரதாரரே பணம் செலுத்தினர். பாவனையாளர் தந்தவை அவருடைய புகைப்படங்கள், உரையாடல்கள், விருப்பு வெறுப்புக்கள், நண்பர் பட்டியல் ஆகியனவாம். வாங்குவோர் என்ற நிலையில் அவர் இல்லாமையால், வாங்குவோருக்குரிய பேரம்பேசும் வலுவும் அவருக்கு இல்லாது போயிற்று.

எனவே தொடக்க காலத்தில் அவருக்கு இருந்த ஒரே வழி முறையீடாகும். 2006 செப்ரெம்பரில் நண்பர் ஒவ்வொருவரின் செயலையும் மற்றவர்க்குத் தானாகவே அறிவிக்கும் செய்தியோடை புகுத்தப்பட்டபோது, சில நாட்களுள் பல இலட்சம் பேர் அதற்கெதிரான குழுக்களில் இணைந்தனர். எதிர்ப்புக் குழுக்கள் அத்துணை விரைவாகப் பரவுவதற்கு அதே செய்தியோடையே உதவியது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. நிறுவனர் மார்க் சுக்கர்பேர்க் வருத்தம் தெரிவித்து, சில கட்டுப்பாட்டு வசதிகளை வழங்கினார். செய்தியோடை நிலைத்து நின்றது. 2007 நவம்பரில் ஏனைய இணையத்தளங்களிற் பாவனையாளர் வாங்கிய பொருட்களை அவர்தம் நண்பர்க்கு அறிவித்த 'பீக்கன்' என்னும் திட்டம் வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே மன்னிப்பும் வந்தது. மக்கள் விண்ணப்பிக்க மன்னன் இரங்கும் பழைய ஆட்சிமுறையை இவ்வுறவு பெரிதும் ஒத்திருந்தது எனலாம்.

இம்முறை 2009 பெப்ரவரியில் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அம்மாதத் தொடக்கத்தில் நிறுவனம் தன் பாவனை நிபந்தனைகளைத் திருத்தியது. பாவனையாளர் ஒரு பதிவை நீக்கினால் அதன்மீது நிறுவனத்துக்கிருந்த அனுமதியும் அற்றுப்போகும் என முன்னர் இருந்த வாசகம் புதிய நிபந்தனைகளில் இடம்பெறவில்லை. இதனை ஒரு நுகர்வோர் இணையத்தளம் வெளிப்படுத்தவே கண்டனம் வலுத்தது. சில நாட்களில் நிறுவனம் பழைய நிபந்தனைகளுக்கு மீண்டது. அப்போது சுக்கர்பேர்க் வெளியிட்ட விளக்கம் கவனத்திற்குரியது. பதினேழரைக் கோடிப் பாவனையாளரைக் கொண்ட முகநூல் ஒரு நாடாயின், அது சனத்தொகையில் உலகின் ஆறாவது நாடாக அமையும் என்றும், நிபந்தனைகள் அதன் ஆளுகை ஆவணம் போன்றவை என்றும் அவர் கூறினார். தன் சேவையை நாட்டுக்கும் ஒப்பந்தத்தை அரசியல் யாப்புக்கும் ஒப்பிட்டபின், பாவனையாளரைப் பிரசைகளாக ஏற்றுக்கொள்வது தவிர்க்கவியலாததாயிற்று.

அம்மாத இறுதியிலேயே 'உரிமைகளும் பொறுப்புக்களும் பற்றிய கூற்று' என்ற புதிய ஆவணத்தின் வரைவு வெளியிடப்பட்டது. நிபந்தனைகளில் மாற்றம் முன்மொழியப்படும்போது 7,000 பேருக்கு மேல் அதுபற்றிக் கருத்துத் தெரிவித்தால் வாக்கெடுப்பு நடத்தப்படும் என்றும், செயற்படு பாவனையாளரில் நூற்றுக்கு 30 வீதத்தினருக்கு மேல் வாக்களித்தால் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்றும் விதிக்கப்பட்டது. 2009 ஏப்பிரலில் நடைபெற்ற முதல் வாக்கெடுப்பில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். அவர்களுள் ஏறக்குறைய முக்காற்பங்கினர் புதிய ஆவணத்தை ஆதரித்தனர். அப்போது பாவனையாளர் தொகை இருபது கோடியாகும். முடிவு கட்டுப்படுத்துவதற்கு ஆறு கோடிப் பேர் வாக்களித்திருத்தல் வேண்டும். வாக்களித்தோர் அத்தொகையில் நூற்றிலொரு பங்கினரே. எனினும் தான் முன்வைத்த ஆவணமே ஆதரவு பெற்றமையால் நிறுவனம் முடிவை ஏற்றுக்கொண்டது. விதியின் உண்மையான வலு அன்று சோதிக்கப்படவில்லை.

அச்சோதனைக்கு வழிவகுத்தவர் ஒரு மாணவராவார். ஒஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவரான மக்ஸ் ஷ்ரெம்ஸ், கலிபோர்னியாவிற் பயின்றுவிட்டுத் திரும்பிய பின்னர், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமையைக் கொண்டு, தம்மைப் பற்றி நிறுவனம் வைத்திருந்த தகவல்களை 2011 இல் கேட்டுப் பெற்றார். கிடைத்த கோவை 1,200 பக்கங்களுக்கு மேற்பட்டது. தாம் நீக்கிவிட்டதாக அவர் கருதிய செய்திகள் பல அதில் இருந்தன. வட அமெரிக்காவுக்கு வெளியே வாழ்ந்த பாவனையாளர் யாவரும் நிறுவனத்தின் அயர்லாந்துக் கிளையுடனேயே ஒப்பந்தம் செய்திருந்தமையால், ஷ்ரெம்ஸ் அயர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையாளரிடம் இருபதுக்கு மேற்பட்ட முறைப்பாடுகளைச் சமர்ப்பித்தார். 2012 இல் நிபந்தனைகளில் மீண்டும் மாற்றங்கள் முன்மொழியப்பட்டபோது, அவர் தொடங்கிய இயக்கம் கருத்துத் தெரிவிக்குமாறு பாவனையாளரைத் தூண்டியது. 7,000 என்ற எல்லை எளிதிற் கடக்கப்பட்டது.

2012 யூன் மாதத்தில் நிகழ்ந்த வாக்கெடுப்பில் 3,42,632 பேர் வாக்களித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 87 வீதத்தினர் நிறுவனத்தின் முன்மொழிவை எதிர்த்தனர். ஆனால் அப்போது பாவனையாளர் தொகை 90 கோடியைத் தாண்டியிருந்தது. வேண்டப்பட்ட வாக்குகளோ 27 கோடி. எனவே முடிவு ஆலோசனையாக மட்டும் கொள்ளப்பட்டு, மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டு நவம்பரில் வாக்கெடுப்பு முறையையே நீக்குவதற்கு நிறுவனம் முன்மொழிந்தது. கருத்துக்களின் தரத்தைவிட எண்ணிக்கையையே அம்முறை ஊக்குவிக்கின்றது என்பது காட்டப்பட்ட காரணமாகும். டிசெம்பரில் இறுதி வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்களித்தோர் 6,68,872 பேர். வாக்குரிமையை நீக்கலாகாது என்றோர் 5,89,141 பேர். நூறு கோடியைக் கடந்துவிட்ட அச்சமூகத்தில் 30 கோடிப் பேர் வாக்களிக்காமையால் வாக்குரிமை மறைந்தது.

இத்தோல்விக்குப் பாவனையாளரின் அசட்டையே காரணம் எனக் கூறுவோர் உளர். நிபந்தனைகளை வாசியாது உடன்படுவோரே மிகப்பலர் என்பதை மறுக்கவியலாது. எனினும் அக்கூற்று முழு உண்மையாகாது. பிரசையிடம் கோரப்படும் பங்கேற்பு நடைமுறையில் எய்தத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பாவனையாளர் தொகை ஒவ்வோராண்டும் பெருகியமையால், வேண்டப்பட்ட வாக்குகளும் ஆறு கோடியிலிருந்து முப்பது கோடியாக உயர்ந்தன. நாடு, மொழி, தொழில் ஆகியவற்றாற் பிரிந்து கிடந்த பாவனையாளரிடையே தேர்தலுக்கு மக்களைத் திரட்டும் கட்சிகளோ சங்கங்களோ இருக்கவில்லை. ஒரு வாரகாலத்துள், சட்டமொழியில் எழுதப்பட்ட இரு ஆவணங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு அவர் கேட்கப்பட்டார்.

இதனினும் அடிப்படையான காரணம் பொருளாதாரத் தன்மையது. 2012 மே 18 ஆம் நாள் நிறுவனத்தின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. ஒரு வகைப் பங்குக்கு ஒரு வாக்கும், மற்றொரு வகைப் பங்குக்குப் பத்து வாக்குகளும் என வகுக்கப்பட்டிருந்தமையால், பங்குதாரரின் வாக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை சுக்கர்பேர்க்கின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆளுக்கொரு வாக்கு என்ற முறை மறைந்த அதே ஆண்டிலேயே, பங்குக்குப் பத்து வாக்கு என்ற முறை சந்தையிலே நிலைபெற்றது. பாவனையாளரின் தரவே வருமானத்தின் மூலப்பொருளாக இருக்கையில், அம்மூலப்பொருளைப் பயன்படுத்தும் முறையைப் பாவனையாளரின் தீர்ப்புக்கு விடுதல் முதலீட்டின் நலனுக்கு முரணாகும். இறுதி வாக்கெடுப்புக்கு விடப்பட்ட மாற்றங்களுள், அவ்வாண்டு வாங்கப்பட்ட இன்ஸ்டகிராம் போன்ற துணை நிறுவனங்களுடன் தரவைப் பகிர்வதும் அடங்கியிருந்தமை இதனை உறுதிப்படுத்துகின்றது.

வாக்குரிமை போனபின் பாவனையாளரின் போராட்டம் நீதிமன்றத்தை நாடியது. அமெரிக்க உளவு நிறுவனங்கள் பெரும் இணையக் கம்பனிகளின் தரவைப் பெற்றமையை எட்வேர்ட் ஸ்னோடன் 2013 யூனில் வெளிப்படுத்தினார். அதனை அடுத்து ஷ்ரெம்ஸ் செய்த முறைப்பாட்டின் பேறாக, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவை அனுப்ப இடமளித்த ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015 ஒக்ரோபரில் வலிதற்றதாக்கியது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடும் 2020 யூலையில் அவ்வாறே வீழ்ந்தது. 2023 மே மாதத்தில், மெற்றா எனப் பெயர்மாறியிருந்த நிறுவனத்துக்கு 120 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு யூலையில் மூன்றாவது ஏற்பாடொன்று உருவாக்கப்பட்டமையால் போராட்டம் முடிந்துவிட்டதெனக் கூறமுடியாது. ஆயினும் ஆறரை இலட்சம் வாக்குகளாற் சாதிக்கவியலாதவற்றை ஒரு மாணவரின் முறைப்பாடு சாதித்தமைக்கு, அதன் பின்னால் அரசு இயற்றிய சட்டம் நின்றமையே காரணமாகும்.

அவ்வாறாயின் அத்தகைய சட்டம் இல்லாத நாட்டுப் பாவனையாளரின் நிலை யாது? 2018 ஆம் ஆண்டு இதற்கு விடை தருகின்றது. அவ்வாண்டு மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில் திகன முதலிய இடங்களில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. இலங்கை அரசாங்கம் முகநூலையும் வேறு சில ஊடகங்களையும் தற்காலிகமாகத் தடைசெய்தது. வெறுப்பைத் தூண்டிய சிங்களமொழிப் பதிவுகள் பற்றி முறையிட்டும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என இலங்கைச் சிவில் அமைப்புக்கள் ஏப்பிரலில் சுக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்திலாகும். முறையீடும் பின்னர் வருத்தமும் என்ற 2006 ஆம் ஆண்டின் உறவே இலங்கையரைப் பொறுத்தவரை பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரும் நிலவியது. அன்று இழக்கப்பட்டது தனிமறைவு. திகனயில் இழக்கப்பட்டவை உயிரும் உடைமையும்.

அக்கடிதம் எழுதப்பட்ட அதே ஏப்பிரல் மாதத்தில் வேறொரு மாற்றமும் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவின் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் மே 25 ஆம் நாள் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு முன்னர், ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 150 கோடிப் பாவனையாளரை நிறுவனம் அயர்லாந்து ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்க ஒப்பந்தத்திற்கு மாற்றியது. கோட்பாட்டளவிலேனும் இலங்கைப் பாவனையாளருக்குக் கிட்டியிருக்கக்கூடிய ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு இவ்வாறு விலக்கப்பட்டது. இதற்கு வாக்கெடுப்பு எதுவும் நிகழவில்லை. 2012 இல் நீக்கப்பட்ட விதி நின்றிருப்பின், இம்மாற்றத்தை எதிர்த்து 7,000 பேர் எழுதுவதேனும் இயன்றிருக்கும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சாதாரண மனிதன் விண்ணப்பதாரனாகத் தொடங்கி, சிலகாலம் வாக்காளனாகி, பின் சில நாடுகளில் வழக்காளியாகவும் ஏனைய நாடுகளில் மீண்டும் விண்ணப்பதாரனாகவும் ஆனமை புலனாகும். உடைமையாளர் தாமே வழங்கிய உரிமையை மூன்றே ஆண்டுகளில் அவரே மீட்டுக்கொள்ள முடிந்தது. சட்டத்தால் வந்த உரிமையை அவ்வாறு மீட்க இயலவில்லை. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. 1,200 பக்கக் கோவையைக் கேட்டுப் பெறும் ஒரு மாணவருக்கு இந்நாட்டில் அச்சட்டம் எவ்வளவு தூரம் துணைநிற்கும் என்பதே, இனி எழுதப்படவேண்டிய பாவனையாளர் வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தைத் தீர்மானிக்கும்.