துர்காவும் உறைந்த கருவும்: 53 நாள் இடைவெளியின் வரலாறு

1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் பிறந்த துர்காவை உலகின் இரண்டாவது சோதனைக்குழாய்க் குழந்தை என்று குறிப்பிடுவது வழக்கம். இங்கிலாந்தின் லூயிஸ் பிரவுன் பிறந்து 67 நாட்களுக்குப் பின் என்று பலரும் எழுதுகின்றனர்; ஜூலை 25இலிருந்து எண்ணிப் பார்த்தால் 70 வருகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் எண்ணாமலே எடுத்தாள்கிறோம். ஆனால் ‘முதலாவதா, இரண்டாவதா’ என்ற வழக்கு டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் உண்மையான பங்களிப்பை மறைத்துவிட்டது என்பதே என் கருத்து.

எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ இருவரும் இயற்கையான மாதச் சுழற்சியில் முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையை லேப்ராஸ்கோப்பி வழியே எடுத்து, அதே சுழற்சியில் கருவைக் கருப்பைக்குள் வைத்தனர். முகோபாத்யாய் சென்ற வழி வேறு. கோனடோட்ரோபின் ஊசியால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளை வளர்த்தார். யோனிச் சுவரைச் சிறிதளவு கீறி அவற்றை எடுத்தார். அவ்வாறு தூண்டப்பட்ட உடலில் கருப்பையின் உட்சவ்வு கருவை ஏற்கும் பக்குவத்தில் இருப்பது ஐயத்திற்குரியது. எனவே முட்டை எடுக்கும் காலத்தையும் கரு மாற்றும் காலத்தையும் அவர் பிரித்தார். டைமெத்தில் சல்ஃபாக்ஸைடின் காப்பில் கருக்களைத் திரவ நைட்ரஜனில் 53 நாட்கள் உறையவைத்து, பின்வந்த இயற்கைச் சுழற்சியொன்றில் கருப்பைக்கு மாற்றினார். உறைகருவால் உண்டான கர்ப்பத்தை ஆஸ்திரேலியாவின் டிரௌன்சனும் மோரும் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது 1983இல்தான்.

அவருடன் உழைத்த சுனித் முகர்ஜி உறைநிலை நுட்பம் அறிந்தவர். சரோஜ் காந்தி பட்டாச்சார்யா மகப்பேறு மருத்துவர். மூவரின் குறிப்பு 1978இல் வெளிவந்தது கிரையோஜெனிக்ஸ் இதழொன்றில். மகப்பேறு மருத்துவர் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பர்? குழந்தையின் பெற்றோரோ அடையாளம் வெளிப்படுவதை விரும்பவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமையேற்றவர் ஒரு கதிரியக்க இயற்பியலாளர்! குழு அவரது கூற்றை நிராகரித்தது. ஜப்பான் சென்று ஆய்வை விளக்க அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூனில் கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு மாற்றப்பட்டார். அம்மாதம் 19ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் இந்திரா ஹிந்துஜா, டி.சி. ஆனந்த் குமார் குழுவின் முயற்சியில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதலாவது என நெடுங்காலம் பதிவாயிற்று. 1997இல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் ஆனந்த் குமாரின் கைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்தவர், முதன்மை முகோபாத்யாய்க்கே உரியது என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். தம் சாதனையின் ‘முதல்’ என்ற அடைமொழியைத் தாமே நீக்கிக்கொண்ட கட்டுரை அது. ஆய்வு மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

கருக்கள் அனைத்தையும் உறையவைத்து அடுத்தொரு சுழற்சியில் மாற்றும் முறை இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாட வழக்கம்.