மருத்துவக் கஞ்சா: ஃபைப்ரோமயால்ஜியாவும் நாட்பட்ட வலியும்

கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்துகளையோ, அச்செடியின் வேதிப்பொருள்களை ஒத்து ஆய்வகத்தில் தயாரித்த மருந்துகளையோ மருத்துவரின் பரிந்துரையின்பேரில் நோய்க்குப் பயன்படுத்துவது மருத்துவக் கஞ்சா எனப்படுகிறது. உலர்ந்த பூ, எண்ணெய், மாத்திரை, வாய்க்குள் அடிக்கும் தெளிப்பு எனப் பல வடிவங்களில் இது கிடைக்கிறது. இதை அனுமதித்துள்ள நாடுகளில் பெரும்பாலோர் இதைத் தேடி வருவது நாட்பட்ட வலிக்காகவே. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதே நாட்பட்ட வலி. அவ்வகை வலிகளில் ஒன்றான ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு இம்மருந்து எந்த அளவுக்கு உதவும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

நோயின் இயல்பு

உடலெங்கும் பரவிய வலி, தீராத அசதி, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதது போன்ற களைப்பு, மறதி, கவனச்சிதறல் ஆகியவை ஃபைப்ரோமயால்ஜியாவின் அறிகுறிகள். மக்கள்தொகையில் ஏறக்குறைய 2 முதல் 4 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது, பெண்களே அதிகம். இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் எதுவும் தென்படாததால், ‘எல்லாம் நார்மல்’ என்ற பதிலோடு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அலைபவர்கள் உண்டு.

1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வகுத்த விதிப்படி, உடலின் 18 குறிப்பிட்ட இடங்களை விரலால் அழுத்தும்போது 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்நோய் உறுதியாகும். 2010இல் இந்த முறை மாறி, வலி பரவியுள்ள பகுதிகளின் எண்ணிக்கையும் அசதி, தூக்கம், நினைவாற்றல் ஆகியவற்றின் நிலையும் அளவுகோலாயின. தசையிலோ மூட்டிலோ சேதம் இருப்பதில்லை. வலியை உணர்ந்து கையாளும் நரம்பு மண்டலமே மிகைக்கூர்மை அடைந்துவிடுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இந்நோய்க்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பிரகாபலின் (2007), டுலாக்செடின் (2008), மில்நாசிப்ரான் (2009) ஆகிய மருந்துகளை அங்கீகரித்தது. இவை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. பலர் பக்கவிளைவுகளால் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். கஞ்சாவின் பக்கம் நோயாளிகள் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலில் செயல்படும் விதம்

கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருளான டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலமும் யெகீல் கவோனியும் தனியே பிரித்தெடுத்து, அதன் அமைப்பையும் கண்டறிந்தனர். அது ஒட்டிக்கொள்ளும் சி.பி.1 ஏற்பியின் மரபணு 1990இல் தெரியவந்தது. உடலே சுரக்கும் அனந்தமைடு என்னும் பொருள் இதே ஏற்பியில் செயல்படுவது 1992இல் கண்டறியப்பட்டது.

ஒரு நரம்பணு வலிச்செய்தியை மிகையாக அனுப்பும்போது, அதைப் பெறும் அணு இத்தகைய பொருளைச் சுரந்து, அனுப்பும் அணுவைத் தணியச் செய்கிறது. டி.எச்.சி. இந்த அமைப்புக்குள் வெளியிலிருந்து நுழைகிறது. வலி குறைவதும் போதை ஏறுவதும் ஒரே ஏற்பியின் வழியே நடப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பெறுவது கடினம். கஞ்சாவின் மற்றொரு பொருளான சி.பி.டி. போதை தராது, இந்த ஏற்பியோடு அது வலுவாகப் பிணைவதும் இல்லை.

வரலாறு

கஞ்சாவை நவீன மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷாக்னசி. வாதவலி, இசிவு, வலிப்பு ஆகியவற்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1839இல் அவர் எழுதிய கட்டுரை, ஐரோப்பிய மருந்தகங்களில் கஞ்சாச் சாற்றுக்கு இடம் தேடித் தந்தது. பின்னர் 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் வைத்தது. 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் அப்பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

ஆய்வுகள் காட்டுவது

ஃபைப்ரோமயால்ஜியாவில் நடந்த சோதனைகள் சிறியவை. 2008இல் கனடாவில் 40 பேரிடம் நடந்த சோதனையில், டி.எச்.சி.யை ஒத்த செயற்கை மருந்தான நாபிலோன் நான்கு வாரங்களில் வலியைக் குறைத்தது. 2010இல் அதே நாட்டில் நடந்த மற்றொரு சோதனையில் நாபிலோன் தூக்கத்தை மேம்படுத்தியது; வலி குறையவில்லை.

நெதர்லாந்தின் லெய்டனில் 2019இல் வெளியான ஆய்வு நுட்பமானது. 20 பெண்கள் மூன்று வகைக் கஞ்சாவின் ஆவியையும் மருந்தற்ற போலி ஆவியையும் வெவ்வேறு நாட்களில் ஒருமுறை உள்ளிழுத்தனர். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான சதை கருவியால் படிப்படியாக அழுத்தப்பட்டது. டி.எச்.சி. மிகுந்த வகைகளை இழுத்தபோது அவர்களால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க முடிந்தது. ஆனால் இயல்பாக இருந்துகொண்டே இருக்கும் வலியில், போலி ஆவியைவிடக் கூடுதலான குறைவு எந்த வகையாலும் ஏற்படவில்லை.

இஸ்ரேலில் 367 நோயாளிகளைக் கண்காணித்த ஆய்வில், பத்துக்கு 9 என்றிருந்த வலி ஆறு மாதங்களில் 5ஆகக் குறைந்தது. எனினும் அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு இல்லை. வலி மருந்துகளில் எதிர்பார்ப்பின் பங்கு பெரிது என்பதால் இந்தக் குறை முக்கியமானது. கஞ்சா மருந்துச் சோதனைகளில் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்ததை 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

புற்றுநோய் சாராத நாட்பட்ட வலி பற்றிய 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு 30 விழுக்காடு வலி குறைய 24 பேருக்கு மருந்து தர வேண்டும். ஆறு பேருக்குத் தந்தால் ஒருவருக்குப் பக்கவிளைவு உண்டாகும். 2025இல் வெளியான, நாட்பட்ட கீழ்முதுகு வலி கொண்ட 820 பேரிடம் நடந்த சோதனையில், பத்து வரையிலான வலி அளவுகோலில் போலி மருந்தைவிடக் கூடுதலாகக் கிடைத்த குறைவு ஏறக்குறைய 0.6 புள்ளி.

பயன்பாடும் பக்கவிளைவுகளும்

‘குறைவாகத் தொடங்கு, மெதுவாகக் கூட்டு’ என்பதே மருத்துவர்களின் பொது விதி. பெரும்பாலும் சி.பி.டி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 2.5 மில்லிகிராம் அளவில் டி.எச்.சி. சேர்க்கப்படுகிறது. எண்ணெயும் மாத்திரையும் வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். பல மணி நேரம் நீடிக்கும். இழுக்கும் ஆவி சில நிமிடங்களில் வேலை செய்து விரைவில் தணிந்துவிடும். மாத்திரை உடனே கேட்கவில்லை என்று மறுபடியும் விழுங்குவது அளவு மிஞ்சுவதற்கு வழக்கமான காரணம்.

தலைசுற்றல், வாய் உலர்தல், மந்தம், கவனக்குறைவு ஆகியவை அடிக்கடி வருபவை. மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். டி.எச்.சி. எடுத்தபின் வண்டி ஓட்டக் கூடாது. சி.பி.டி. கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால், வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் உயரக்கூடும்.

வழிகாட்டுதல்களும் சட்டமும்

வல்லுநர் குழுக்களின் கருத்து ஒன்றாக இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல், நாட்பட்ட வலிக்கு டி.எச்.சி. மருந்துகளைத் தர வேண்டாம் என்றும், சி.பி.டி.யை ஆய்வுச் சோதனைக்குள் மட்டும் தரலாம் என்றும் கூறியது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2021இல் பொதுப் பயன்பாட்டை ஆதரிக்க மறுத்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வல்லுநர் பரிந்துரை, வழக்கமான சிகிச்சை போதாதவர்களுக்கு உள்ளிழுக்காத வடிவத்தில் தந்து பார்க்கலாம் என்றது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் கட்டுப்படுத்துகிறது. பூ சேராத தனி இலை அதன் வரையறைக்குள் வருவதில்லை. அது மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. உரிமம் பெற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகள் சில இந்த இலையிலிருந்து செய்யப்படுகின்றன. அவற்றின் பெயரில் இணையத்தில் விற்கும் எண்ணெய்களை மருத்துவரிடம் காட்டாமல் வாங்கிப் பயன்படுத்துவது ஆபத்து.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு வாதநோய்களுக்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு உறுதியாகப் பரிந்துரைப்பது உடற்பயிற்சி ஒன்றையே. கஞ்சா மருந்து சிலருக்குத் தூக்கத்தையும் ஓரளவு வலித்தணிவையும் தரக்கூடிய துணைச் சிகிச்சை மட்டுமே. குறிப்பிட்ட காலத்துக்குள் பலன் தெரியாவிட்டால் அதை நிறுத்திவிட வேண்டும். எடுத்துவரும் மற்ற மருந்துகளை அதற்காகத் தாமாக நிறுத்தவும் கூடாது.