விருதுபட்டியின் மகமை

வரி, காவல், நியாயம் ஆகிய மூன்றினாலேயே அரசு நிற்கிறதென்று ராஜ்ய சாஸ்திரம் பயில்வோர் கூறுவர். அம்மூன்றையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், கிரீடமும் சேனையுமின்றி, இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டியின் நாடார் உறவின்முறை என்னும் ஜாதிச் சபை தன்னளவில் நடத்திவந்தது. வண்டிப்பேட்டையில் இறங்கிய பருத்திப் பொதிக்கும் மிளகாய் மூட்டைக்கும் வியாபாரிகள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணம், பேட்டைக் காவலுக்கும் கோயில் கைங்கரியத்துக்கும் செலவானதோடு, 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றவும் ஆதாரமாயிற்று. அப்பள்ளிக்கென வீடுதோறும் பெண்கள் உலையிடுமுன் கலயத்தில் எடுத்துவைத்த பிடியரிசியும் ஒருவகை வரியே. எனினும் அவர்களுக்குச் சபையில் இடமில்லை, பிற ஜாதியாருக்கோ கேட்கவே வேண்டாம். ஆகையால் இதனைக் குடியாட்சியென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பிடியரிசிப் பள்ளியில் பயின்ற காமராஜர், 1954-இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டத்தை விரிவுபடுத்தினார்.