ஆவாரம்பட்டையும் ஆராய்ச்சிக்கூடமும்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டதும் என் நினைவில் எழுவது ஆவாரஞ்செடியே. அதன் மலர் சித்த மருத்துவத்திற்கு உதவுகிறது. பட்டையோ தோல் பதனிடுவோர்க்கு நெடுங்காலம் உதவிற்று. பட்டையிலுள்ள துவர்ச்சத்து தோலின் புரத இழைகளோடு பிணைந்து, அதனை அழுகாமற் காக்கிறது. இவ்வாறு பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது.

கைப்பழக்கமாக வந்த இத்தொழிலுக்கு அறிவியலைத் துணைசேர்க்க, 1948-ல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராயிருந்த டாக்டர் நாயுடம்மா, ஆய்வின் பயன் தொழில் செய்வோரைச் சென்றடைய வேண்டும் என்பதில் கருத்தூன்றினார்.

1970-களுக்குப் பின் குரோமிய உப்பினாற் பதனிடும் முறை மிகுந்தது. வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. வேகத்தோடு கேடும் வந்தது. பச்சைத்தோலுக்கு இடும் உப்பும், குரோமியமும் கழிவோடு கலந்து, பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் கழனிகளையும் கெடுத்தன. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோலால் பிழைப்போரும் நிலத்தை நம்பியோரும் ஓர் ஆற்றின் மக்களே. இருவரும் வாழ வழி என்ன? நீரின்றிக் குரோமியத்தாற் பதனிடும் முறையை அந்நிலையமே வகுத்துள்ளது. ஆயினும், ஆராய்ச்சிக்கூடத்தில் வென்ற முறை ஊர்க்கிணற்றில் நன்னீராகத் தெரியவேண்டும். வேதியியல் பயிலும் நீங்கள், அந்தக் கிணற்றையே உங்கள் தேர்வுக்களமாகக் கொள்ளுங்கள்!