தண்ணீர் ஏற்றிய இடத்துப் புண்

பிறந்த குழந்தையின் பிஞ்சுக் கையில் ஊசி ஏற்றிக் கட்டியிருப்பதைக் கண்டு பதறாத தாய் இல்லை. உயிரைக் காக்க ஏற்றும் அந்தத் தண்ணீரே சில வேளைகளில் தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. அதை ஆற்றும் வழியை மருத்துவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

1832-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா பரவியது. சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் இரத்தக்குழாயில் டாக்டர் தாமஸ் லாட்டா உப்புநீரை ஏற்றினார். மூதாட்டி தெளிவடைந்தார். ஆனால், மருத்துவர் அகன்றபின் பேதி மீண்டும் கண்டு, சில மணி நேரத்தில் இறந்துபோனார். ஏற்றினால் மட்டும் போதாது, அருகிலிருந்து கவனிக்கவும் வேண்டும் என்பதை அன்றே உலகம் கண்டது.

குழந்தையின் இரத்தக்குழாய் நூல்போல மெல்லியது. குறைமாதக் குழந்தையின் தோலோ இன்னும் மெல்லியது. ஊசி சற்று விலகினால் மருந்து தோலுக்கடியில் கசிகிறது. சுண்ணாம்புச் சத்து மருந்தும் கெட்டியான சர்க்கரை நீரும் சதையையே அழித்துவிடக் கூடும்.

மரம் சீவும் கத்தி பட்ட காயத்தைக் காற்றாட விட்டு உலர்த்துவதுதானே நம் வழக்கம்? மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். 1962-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் வின்டர், பன்றிகளின் காயங்களை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிப் பார்த்தார். ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. ஒட்டாத, ஈரங்காக்கும் கட்டுகள் இதன்பின் பெருகின.

1993-இல் இங்கிலாந்தின் டாக்டர் கால்ட், கசிந்த மருந்தை உடனே உப்புநீரால் கழுவி வெளியேற்றுவதன் பலனை எழுதினார். விரைவில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தோலை இழக்காமல் தப்பினர்.

விரைவு என்றோமே, அது யார் கையில் இருக்கிறது? குழந்தைக்கு அழத்தான் தெரியும். தாதி மணிக்கு மணி பார்ப்பார். இடையே நாமும் பார்க்கலாம். ஒரு கையை மறு கையோடு ஒப்பிடுங்கள். வீக்கம், வெளிறல், குளிர்ச்சி, கட்டில் ஈரம் கண்டால் அக்கணமே தாதியை அழையுங்கள். தொந்தரவாகுமே என்று தயங்க வேண்டாம்.

வீடு திரும்பியபின் புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ பவுடரோ பூச வேண்டாம். சொன்ன நாளில் கட்டு மாற்றுங்கள். சிவப்புப் படர்ந்தாலோ, சீழ், காய்ச்சல் கண்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மருந்து கசிந்த முதல் மணி நேரத்தில், தாயின் கண்ணே குழந்தைக்குக் காவல்.