கார்வர் மாணவர் சென்ற வழி: மில்லிகன் தீர்ப்பில் ஒரு வாசிப்புச் சிக்கல்

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் போன்றதன்று. தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவையும் சொத்துவரி வருவாயையும் கொண்டு, ஊராட்சி எல்லையோடு பொருந்தியாக வேண்டிய கட்டாயமின்றி இயங்கும் தனி அமைப்பு அது. டெட்ராய்ட் நகரையும் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் ஒரே பரப்பாக்கி நிறப்பிரிவினையை நீக்க நீதிபதி ஸ்டீஃபன் ராத் 1972இல் வகுத்த வழியை, மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்க மறுத்தது. அத்தீர்ப்பின் கொள்கைப் பகுதி போதிய அளவு விவாதிக்கப்பட்டுவிட்டது. கார்வர் மாவட்டம் பற்றிய சில வரிகளுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த புறநகர் மாவட்டமான கார்வரில் உயர்நிலைப் பள்ளி இல்லை. அதன் மாணவர்கள் எல்லை தாண்டி, டெட்ராய்ட்டில் கறுப்பின மாணவர் மிகுந்திருந்த நார்தர்ன் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர் இதற்கு இடவசதியின்மையைக் காரணமாக்கி, வெள்ளையர் புறநகர்கள் ஏற்க மறுத்தன என்பதை மேல்முறையீட்டு மன்றத்தின் ஆதாரமற்ற ஊகம் எனத் தள்ளி, இரண்டு மாவட்டங்களை மட்டும் தொட்ட தனித்த நிகழ்வாகச் சுருக்குகிறார்.

இவ்வாசிப்பு ஏற்புடையதன்று. மறுப்பு பற்றிய கூற்று மேல்முறையீட்டு மன்றத்தில் முளைத்ததன்று. 1971 செப்டம்பரில் ராத் எழுதிய விசாரணைத் தீர்ப்பிலேயே அது உண்டு. புறநகர் மாவட்டம் எதுவும், நகரின் வெள்ளையர் பள்ளி எதுவும் இம்மாணவர்களைச் சேர்க்க முன்வராததால்தான் பல ஆண்டுகள் அவர்கள் நகரின் உட்பகுதிக் கறுப்பினப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டனர் என்பது அவர் கண்டறிந்த உண்மை. சாட்சிகளை நேரில் கேட்டவரின் முடிவு, மூன்றாண்டுகளில், கேளாதவர்களின் ஊகமாக உருமாறியது எழுத்தர் பிழையாகத் தோன்றவில்லை.

எந்தப் பள்ளி எந்த நாளில் கதவை மூடியது என்பதை இத்தீர்ப்புகள் வரிசைப்படுத்தவில்லை. ஆகவே மறுப்பைக் காட்டும் சான்று மெலிதே. ஆயினும் இடமின்மை, மாணவர்கள் வெளியே செல்ல நேர்ந்ததை மட்டுமே விளக்கும். அருகிலிருந்த வெள்ளையர் பள்ளிகளை விடுத்து அவர்கள் நார்தர்ன் வரை ஏன் சென்றனர் என்பதை விளக்காது. அந்த வழியே இங்கு முதன்மைச் சான்று. சேர்க்காது விட்ட மாவட்டங்களும் அந்நிகழ்வில் பங்குபெற்றவையே என்று கொண்டால், பர்கரின் 'இரண்டு' என்ற எண்ணிக்கை நிற்காது.

காலத்தைப் பொறுத்தவரை ஐயம் தீரவில்லை. 1950களின் பிற்பகுதி என்கிறார் பர்கர். ராத்தின் 'பல ஆண்டுகள்' அதற்கும் முன்னே செல்லக்கூடும். 1960இல் வெள்ளையர் மிகுந்த ஓக் பார்க் மாவட்டம் கார்வரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதால், எல்லாப் புறநகர்களும் எக்காலத்தும் ஒருபடித்தாக மறுத்தன என்று வாதிடுவதும் மிகையாகும். அந்த இணைப்பு வேறொன்றையும் காட்டுகிறது: மிச்சிகனில் 1912இல் 7,362ஆக இருந்த பள்ளி மாவட்டங்கள் 1968இல் 738ஆகச் சுருங்கியிருந்தன என்பதை நீதிபதி தர்குட் மார்ஷல் தம் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டியுள்ள நிலையில், 1974இல் பெரும்பான்மையினர் காத்துநின்ற எல்லைகள் அம்மாநிலத்தில் தொடர்ந்து அழித்து எழுதப்பட்டு வந்தவையே.